தூசி ஒட்டாத எண்ணெய்

மார்னி பெஸெட் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

டன்கனால் அதை மறக்க முடியவில்லை. காரின் கடிகாரம் கண்ணுக்கு நேராக இருந்தது. கையுறையைப் போட்டு அதை மூடினான். சற்றுக் கழித்துக் கையுறையைத் தூக்கிப் பார்த்தான்.

“அது ஓடிட்டுத்தான் இருக்கு,” என்றாள் பக்கத்தில் இருந்த ஐலி கங்காஸ். “நீ ரோட்டைப் பாரு.”

“ரோடு எங்க பாஸ் இருக்கு? சேறுதான் இருக்கு. நடுவுல நாம மிதக்கிறோம்.”

ஏப்ரல். ஐந்து மாதப் பனி ஒரே வாரத்தில் உருகிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கமிருந்து வந்த காற்றில் ஈர மரத்தின் வாசனை. இரண்டு பக்கமும் கறுத்துப்போன பனிக் குவியல்கள்.

ஐலி பல வருடங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து மதிப்புப் போட்டவள். இப்போது பைன் ஹார்பரில் பல் டாக்டருக்கு மேல் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். பெரும்பாலும் காணாமல் போன படகுகள், ஓடிப்போன கணவர்கள். டன்கன் அவளுடைய ஒரே உதவியாளன். ஏரிப் பாலத்துக்குத் தெற்கே பிறந்த வெளியூர்க்காரன். அந்தக் குற்றத்தை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை.

மார்னி அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. அவள் வீட்டு மாடியறையில்தான் வாடகைக்கு இருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், இரண்டு பெண் குழந்தைகள். காலையில் சின்னவள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, “நாளைக்கு அம்மா எங்க தூங்குவாங்க?” என்று கேட்டாள். டன்கனிடம் எதற்கும் ஒரு ஜோக் இருக்கும். அப்போது இல்லை.

ஷெரிஃபைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துபோன ஒன்று. நவம்பரில், மான் வேட்டை தொடங்கிய மறுநாள் இரவு, பனிப்புயல். விடிந்தபோது கெட்டில் சாலை ஓரத்தில் லைல் ஹவுட்டாலா பனிக்கு அடியில் செத்துக் கிடந்தான். கனமான வண்டி நெஞ்சை நசுக்கியிருக்கிறது, சந்தேகமில்லை என்றார் டாக்டர். வண்டி அகப்படவில்லை. மூன்று வாரம் கழித்து மார்னி தானாகவே ஷெரிஃப் ஆபீசுக்குப் போய் நின்றாள். அன்று இரவு அந்த வழியாக வரும்போது எதுவோ மோதியது, மான் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை என்றாள். அவளுடைய பிக்கப் வண்டியில் வலது விளக்கு உடைந்திருந்தது. நான்தான் என்று ஒருத்தி வந்து நின்றபிறகு யார் மேற்கொண்டு தேடுவார்கள்?

“ஒரே கேள்விதான்,” என்றாள் ஐலி. “லைல் ஏன் நடந்தான்?”

“காத்து வாங்கவா?”

“பனிப்புயல்லயா? நம்ம ஊர்ல தபால் பெட்டி வரைக்கும் நடந்து போனவனை நீ பார்த்திருக்கியா?”

டன்கன் யோசித்தான். “ஒருத்தரைப் பார்த்தேன். அவரோட லைசென்ஸைப் பிடுங்கியிருந்தாங்க.”

“லைல்கிட்ட லைசென்ஸ் இருந்தது. பிக்கப்பும் இருந்தது. அவன் அண்ணன் கர்ட் என்ன சொன்னான்? அக்டோபர்லயே அடியில இருக்கிற சேசிஸ் சட்டத்தைச் சரிபண்ணி, புது பாடி கட்டி, வண்டி கல்லு மாதிரி ஷெட்ல நின்னுச்சுன்னான். கல்லு மாதிரி வண்டியை வீட்டுல விட்டுட்டு ரெண்டு மைல் யாராவது நடப்பானா?”

“அப்போ கர்ட் பொய் சொல்றார்.”

“அப்போ நாம வண்டியைப் பார்க்கிறோம்,” என்றாள் ஐலி.

*

கர்ட் ஹவுட்டாலாவின் ஷெட் வாசலில் நாய் இல்லை. நாய்க்குப் பதிலாக இரும்பு இருந்தது. துண்டுக் குழாய்கள், வளைந்த ஏர், பழைய பனிக்கலப்பை, கையளவு தகடுகள். எதையும் எறிந்துவிட மனம் வராத ஊர் இது. கர்ட் அதில் முதல் ஆள். சுற்றுவட்டாரத்தில் பாதி வண்டிகளுக்கு அவன்தான் வெல்டிங் வைத்தவன். டன்கனின் காருக்கும்தான். இங்கே குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பு எல்லா வண்டியையும் அடியிலிருந்து தின்னும். கர்ட் அதைத் தைத்துக் கொடுப்பான்.

ஷெட்டின் பெரிய கதவு காற்றில் மூடாமலிருக்க ஒரு துருப்பிடித்த இரும்பை முட்டுக் கொடுத்திருந்தார்கள். டன்கன் அவசரமாக நுழைந்தான். அவன் கால் கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்தது.

“ஐயோ!”

“பாத்து வா தம்பி,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “அது கதவுக்கு வெயிட்டு. கால்பந்து இல்ல.”

கர்ட்டுக்கு ஐம்பத்தெட்டு வயது. அகலமான ஆள், சின்னக் குரல். தூக்கம் கெட்ட கண்கள். ஐலியைப் பார்த்ததும் கையிலிருந்த துணியில் விரல்களைத் துடைத்தான், ஏற்கெனவே சுத்தமாக இருந்த விரல்களை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

“ஐலி. காப்பி?”

“கேக்கணுமா?”

அடுப்பின் மேல் பாத்திரம் தயாராக இருந்தது. ஏலக்காய் போட்ட ரொட்டியை வெட்டி வைத்தான். ஐலி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். லைலின் பிக்கப்பிலிருந்து கழற்றிய பின்கதவைத்தான் பெஞ்சாக்கியிருந்தான். டன்கன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் முழங்கால் ஆடத் தொடங்கிவிடும், காப்பி கொட்டும்.

பிக்கப் ஷெட்டின் நடுவே நின்றது. பச்சை நிறக் கேபின், பழசு. அதற்குப் பின்னால் எல்லாமே புதுசு. சரக்கு ஏற்றும் துருப்பிடித்த பழைய தொட்டி போய், தட்டையான பலகைத் தளம். கேபினின் பின்கண்ணாடியைக் காக்கக் கம்பித் தடுப்பு. ஓரங்களில் குச்சி நட்டுக் கயிறு கட்ட வரிசையாகச் சதுரக் குழிகள். ஓக் மரப் பலகைகள் ஒன்றோடொன்று இழைத்து வைத்ததுபோல் சேர்ந்திருந்தன.

டன்கன் அதைத் தடவினான். “அண்ணே, இதுல விறகு ஏத்தவா? கல்யாணத்துக்கு நடனமேடை போடலாம்.”

கர்ட் சிரிக்கவில்லை. ஆனால் முகம் கொஞ்சம் தளர்ந்தது. வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் வேறு ஆள். “லைல் ரொம்ப நாளா கேட்டது. தொட்டி வேண்டாம், தளம்தான் வேணும், மூணு பக்கமும் திறந்திருக்கணும்னான். ஏத்தி இறக்க லேசு.”

“எப்போ முடிச்சீங்க?” என்றாள் ஐலி, ரொட்டியைக் காப்பியில் தோய்த்துக்கொண்டே.

“ஷெரிஃப்கிட்டயே சொன்னேனே. அக்டோபர் மொத வாரம்.”

“சேசிஸும் அப்பவா?”

“எல்லாம் அப்பதான். பழசை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெச்சு, வெல்டிங் வெச்சு, பெயின்ட் அடிச்சு, எண்ணெயும் பூசியாச்சு.”

“பழைய மோட்டார் எண்ணெய்?”

“வேற என்ன? பூசிட்டு, மண் ரோட்டுல மூணு மைல் போயிட்டு வந்தான் லைல். தூசி பிடிக்கணும்ல.”

“கேக் மேல சர்க்கரை தூவுற மாதிரி,” என்றான் டன்கன்.

“கேக் ஒரு நாள்ல தீர்ந்திடும் தம்பி. இது ஒரு குளிர்காலம் தாங்கணும்.”

ஊரில் எல்லோரும் செய்வதுதான். பனி விழுவதற்கு முன்னால் வண்டியின் அடியில் எண்ணெய் பூசி, மண் சாலையில் ஒரு சுற்று விடுவார்கள். எண்ணெயும் தூசியும் சேர்ந்து தோல்போல ஒட்டிக்கொள்ளும். உப்பு உள்ளே போகாது.

“பாக்கலாமா?” என்றாள் ஐலி.

கர்ட் தயங்கினான். ஒரு நொடிதான். ஆனால் டன்கன் பார்த்தான்.

“அடியில என்ன இருக்கு பாக்க?”

“உன் வெல்டிங். அதைப் பாக்கணும்னா மத்தவங்க வரிசையில நிப்பாங்க.”

சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போனாள். டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்தது. டன்கன் ஷெட்டில் நடந்தான். ஜன்னல் வரை போனான், திரும்பினான். சுவரில் கடிகாரம் இருந்தது. அதைக் கையுறையால் மூட வழியில்லை.

அடியிலிருந்து ஐலியின் குரல் வந்தது. “கர்ட், இந்தத் தகடு என்ன கனம்?”

“கால் அங்குலம்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்.”

“தகட்டோட முனையை நேரா வெட்டாம சாய்ச்சு வெட்டியிருக்கே.”

“நேரா வெட்டினா அந்தக் கோட்டுலயே விரிசல் விடும்.”

“இதை வெச்சு ஆத்துக்குப் பாலம் போடலாமே. விறகு ஏத்துற பிக்கப்புக்கு எதுக்கு இவ்வளவு?”

கர்ட் கையிலிருந்த துணியை நான்காக மடித்தான். பிறகு எட்டாக.

ஐலி வெளியே வந்தாள். வலது கை விரல்கள் கறுப்பு. டன்கன் கொடுத்த காகிதத் துண்டில் ஒரு விரலை அழுத்தித் துடைத்தாள். கறுப்புப் பட்டை ஒன்று விழுந்தது. அதை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். டன்கனிடம் நீட்டினாள்.

“தேய்ச்சுப் பாரு. என்ன தெரியுது?”

“வழவழன்னு இருக்கு.”

“நறநறன்னு?”

“இல்ல.” சொல்லிவிட்டு டன்கன் நிமிர்ந்தான். “இல்ல பாஸ்! மண்ணே இல்ல!”

“மூணு மைல் மண் ரோடு,” என்றாள் ஐலி. “அதுக்கப்புறம் நவம்பர் வரைக்கும் லைல் தினம் இந்த வழியாதான் போயிருக்கணும். வாசல்லயே ஒரு மைல் மண் ரோடு. ஒரு பொடி மண்ணு கூட ஒட்டல.”

கர்ட் சட்டென்று சொன்னான். “கழுவினேன்.”

“எண்ணெயை விட்டுட்டுத் தூசியை மட்டும் கழுவுற தண்ணி எங்க கிடைக்குது? எனக்கும் ஒரு வாளி குடு.”

அடுப்பில் விறகு வெடித்தது. கர்ட் துணியை மேசையில் வைத்தான்.

“பனி விழுந்தப்புறம் செஞ்ச வேலை இது,” என்றாள் ஐலி. “தூசி எழும்பாத காலத்துல. பழக்கதோஷம், கை தானா எண்ணெய் பூசிடுச்சு. அக்டோபர்ல பூசியிருந்தா இதைத் தொட்டா உப்புத்தாள் மாதிரி இருக்கும்.”

“சரி,” என்றான் கர்ட். குரல் இன்னும் சின்னதாகியிருந்தது. “டிசம்பர்ல செஞ்சேன். அவன் போனப்புறம். அவன் கேட்டதைச் செஞ்சு குடுக்கணும்னு தோணிச்சு. அது குத்தமா?”

“குத்தம் இல்ல. அக்டோபர்னு சொன்னது எதுக்கு?”

“நவம்பர்ல வண்டி ஓடுற நிலைமையில இல்ல. சேசிஸ் போயிருந்துச்சு. அதனாலதான் நடந்தான். வண்டியைச் சரிபண்ணிக் குடுக்காம தம்பியை நடக்க விட்டவன்னு ஊர் பேசுமே. அதான்.”

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. லைல் ஏன் நடந்தான்? வண்டி உடைந்திருந்தது, நடந்தான். நடந்து போய் மார்னியின் விளக்குக்கு முன்னால் நின்றான். அவ்வளவுதான். நாள் முழுக்க ஓடித் தேடிப் பிடித்த பதில் மார்னியை இன்னும் இறுக்கிக் கட்டியிருந்தது.

“போலாம் பாஸ்,” என்றான். “ஒன்னும் இல்ல.”

ஐலி எழுந்திருக்கவில்லை.

டன்கனால் அங்கே நிற்க முடியவில்லை. காற்று வேண்டும்போல் இருந்தது. கதவை நோக்கி வேகமாகப் போனான். அதே கால், அதே விரல், அதே இரும்பு.

“ஐயோ! அண்ணே, இந்தச் சனியனை எங்கயாவது தூக்கிப் போடக்கூடாதா?”

சொல்லிக்கொண்டே குனிந்து அதைத் தள்ள முயன்றான்.

“விடு!” என்றான் கர்ட்.

ஷெட்டே அதிர்ந்தது. அந்தச் சின்னக் குரலுக்குள் இவ்வளவு பெரிய குரல் இருந்ததா? டன்கன் கையை எடுத்துவிட்டான். ஐலி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மெதுவாக நடந்து வந்து இரும்பின் பக்கத்தில் குந்தினாள்.

முழங்கையளவு நீளம். சேசிஸிலிருந்து நெருப்பால் வெட்டி எடுத்த துண்டு, இரண்டு முனையிலும் உருகிய தழும்பு. உள்ளே துரு, விரலால் குத்தினால் உதிரும் துரு. அதற்கு மேல் மெல்லிய தகர ஒட்டு. தகரத்துக்கு மேல் கறுப்புத் தார். வெளியிலிருந்து பார்த்தால் திடமான இரும்பு. தொட்டுப் பார்த்தால் அட்டைப் பெட்டி.

“இது லைல் வண்டியோடதா?”

கர்ட் தலையாட்டினான்.

“தகரம் ஒட்டினது?”

“நான்தான். அதுக்கு முந்தின வருஷம். அவசரம்னான். இந்த ஒரு குளிர்காலம் ஓடட்டும், அடுத்த வருஷம் நல்லா பண்ணிக்கலாம்னான்.”

“துருவைச் சுரண்டல.”

“சுரண்டியிருந்தா மிச்சம் எதுவும் இருந்திருக்காது.”

ஐலி துண்டைப் புரட்டினாள். அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை. துரு அரித்த ஓட்டைக்கு விளிம்பு கந்தலாக இருக்கும். இது வட்டம். காசை வைத்து வரைந்ததுபோல் வட்டம். விளிம்புத் தகரம் முழுவதும் உள்பக்கமாக, மேல்நோக்கி, மடங்கியிருந்தது.

“டன்கன், அந்த மூலையில இருக்கிற ஜாக்கியை உருட்டிட்டு வா.”

வண்டியை அடியிலிருந்து தூக்கும், சக்கரம் வைத்த பெரிய ஜாக்கி. டன்கன் இழுத்து வந்தான். ஐலி இரண்டு கையாலும் துண்டைத் தூக்கி ஜாக்கியின் தலையில் கவிழ்த்தாள். ஒரு சின்னச் சத்தம். வட்ட ஓட்டை ஜாக்கியின் தலையில் தொப்பி போட்டதுபோல உட்கார்ந்தது.

சுவர்க் கடிகாரம் மட்டும் பேசியது.

“எறிஞ்சிருக்கலாமே,” என்றாள் ஐலி. “ஆத்துல போட்டிருக்கலாம். பழைய இரும்புக்காரன்கிட்ட குடுத்திருக்கலாம்.”

“நல்ல வெயிட்டு அது,” என்றான் கர்ட். அவனுக்கே அது பதிலாகத் தெரியவில்லை. “கையில எடுத்தேன். எறிய முடியல.”

“ஜாக்கியை எங்க வெச்சே?”

கர்ட் பிக்கப்பைப் பார்த்தான்.

“லைல் செத்த அன்னைக்குச் சாயங்காலம் பழைய தொட்டியைக் கழட்ட ஆரம்பிச்சீங்க, சரிதானே? தொட்டி போல்ட்டை அடியிலிருந்துதான் கழட்டணும். ஒருத்தன் தூக்கணும். ஒருத்தன் அடியில போகணும். ஜாக்கியை எங்க வெச்சே, கர்ட்?”

“ஐலி, வேணாம்.”

“இந்தத் துண்டு கோர்ட்ல பேசாது. யாரோ எப்பவோ வெட்டிப் போட்ட இரும்புன்னு சொல்லிடுவாங்க. நீ பேசினாத்தான் உண்டு.” அவள் குரலை உயர்த்தவே இல்லை. “மார்னி பொய் சொல்லல. யாரையும் காப்பாத்தவும் இல்ல. தான்தான்னு நிஜமாவே நம்புறா. தினம் ராத்திரி அந்த மோதின சத்தத்தைக் கேட்டுக்கிட்டே படுத்திருக்கா. வேட்டை தொடங்கின வாரம், காட்டுல இருக்கிற மான் பூரா ரோட்டுல ஓடுது. அவ மோதினது லைல் மேல இல்லன்னு இந்த ஊர்ல ஒருத்தனுக்குத்தான் தெரியும்.”

டன்கனின் வாய் தானாகத் திறந்தது. “அண்ணே, அவ சின்னப் பொண்ணு காலையில என்னைக் கேட்டா. நாளைக்கு அம்மா எங்க தூங்குவாங்கன்னு. எனக்கு ஒன்னும் சொல்லத் தெரியல. நான் என்னண்ணே சொல்லட்டும்?”

கர்ட் பெஞ்சில் உட்கார்ந்தான். தம்பியின் வண்டிக் கதவின் மேல்.

“தினம் காலையில என் வாசல்ல பஸ்ஸை மெதுவாக்கி ஒரு ஹார்ன் அடிப்பா மார்னி,” என்றான். “டிசம்பர்லயிருந்து அந்த ஹார்ன் இல்ல. நான் ஆறு மணிக்கே எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு இருக்கேன்.”

அவன் கைகளைப் பார்த்தான். பாதி ஊரின் வண்டிகளை ஒன்றாகப் பிடித்து வைத்திருந்த கைகள். டன்கனின் கார் வெளியே சேற்றில் நின்றது. அதையும் அந்தக் கைகள்தான் தாங்கின.

“இனிமே யாரு எங்கிட்ட வண்டியைக் குடுப்பாங்கன்னுதான் முதல்ல தோணிச்சு. அவன் அங்க கிடக்கான், எனக்கு அது தோணுது. பனி நல்லா கொட்டிச்சு. அவனை என் வண்டியில எடுத்துட்டுப் போய்க் கெட்டில் ரோட்டோரம் போட்டேன். திரும்பி வரும்போது தடமே இல்ல. இல்லாத ஒரு வண்டியை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, யாரும் மாட்ட மாட்டாங்கன்னு நெனச்சேன். மூணு வாரம் அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் அவளே போய் நின்னா.”

“சொல்லு,” என்றாள் ஐலி. “இவனும் கேக்கணும். நாளைக்கு ஜட்ஜ் கேக்குற மாதிரி.”

டன்கன் கவனித்தான். தன் முழங்கால் ஆடவில்லை. கண்ணும் கடிகாரத்துக்குப் போகவில்லை.

கர்ட் எழுந்து பிக்கப்பின் பக்கத்தில் போய் நின்றான். பலகைத் தளத்தில் உள்ளங்கையை வைத்தான், அது தாங்குகிறதா என்று பார்ப்பவன் போல.

“லைல் மேல எந்த வண்டியும் மோதல,” என்றான், உரக்க. “அவன் ரோட்டுக்கு நடக்கவே இல்ல. இதே இடத்துல, இந்த வண்டிதான் அவன் மேல இறங்குச்சு. தாங்கும்டா, உள்ள போன்னு சொல்லி, நான் தகரம் ஒட்டின இடத்துலயே ஜாக்கியை வெச்சது நான்தான்.”